பி-2 விமானத்தின் விலை 73.7 கோடி டாலரா, 213 கோடி டாலரா? எதை நம்புவது?

கணக்கில்_புலி_அல்ல (கேள்வி)

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். "போர் விமானம் ஏன் இத்தனை விலை?" என்று தலைப்பை அவளே எடுத்துக்கொண்டாள். "மாமா, நீங்கதான் எப்பவும் நெட்லயே இருக்கீங்களே, விலையை மட்டும் பாத்துச் சொல்லுங்க, மத்ததை நானே எழுதிக்கறேன்" என்றாள். பத்து நிமிட வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். இன்று மூன்றாவது நாள்.

அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானத்துக்கு ஓரிடத்தில் 73.7 கோடி டாலர் என்று போட்டிருக்கிறது. இன்னோரிடத்தில் 92.9 கோடி. மூன்றாவது இடத்தில் 213 கோடி. எஃப்-35 போர் விமானம் இதைவிட மோசம். ஒருவர் எட்டுக் கோடி டாலர்கூட இல்லை என்கிறார், அடுத்தவர் 2 லட்சம் கோடி டாலர் திட்டம் என்கிறார். கத்தரிக்காயா வாங்குகிறோம், கடைக்குக் கடை விலை மாற?

இரண்டாம் உலகப் போரில் பறந்த பி-51 மஸ்டாங் 1945இல் ஏறக்குறைய 51,000 டாலர்தான். விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்துப் பார்த்தாலும் இன்றைய கணக்கில் ஒன்பது லட்சம் டாலரை ஒட்டித்தான் வருகிறது. எஃப்-35இன் குறைந்தபட்ச விலையை எடுத்தாலும் அது எண்பது மடங்குக்கு மேல். விமானத்தைத் தங்கத்தில் செய்கிறார்களா?

இரண்டே கேள்வி. எந்த எண் சரி? இந்தப் பணம் எங்கே போகிறது?

வால்_இறக்கை

மூன்றும் சரிதான். மூன்றும் வெவ்வேறு பொருளின் விலை, அவ்வளவே.

73.7 கோடி என்பது தொழிற்சாலையிலிருந்து பறந்து வெளியே வரும் விமானத்தின் விலை. அதனுடன் உதிரி பாகங்கள், கருவிகள், மென்பொருள் ஆதரவு எல்லாம் சேர்ந்தால் 92.9 கோடி. அதற்கும் மேலே, விமானத்தை வடிவமைத்துச் சோதித்துப் பார்த்த செலவையும் தலைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டால் 213 கோடி. எல்லாமே 1997ஆம் ஆண்டு டாலர் கணக்கு.

132 விமானம் கட்டுவதாகத்தான் திட்டம். பனிப்போர் ஓய்ந்தது, அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் மனது மாறியது. 75 ஆனது, பிறகு 20 ஆனது. சோதனைக்குக் கட்டிய ஒன்றையும் பின்னால் மாற்றியமைத்துச் சேர்த்து மொத்தம் 21. 92.9 கோடி, 213 கோடி என்ற இரண்டு விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் விமானம் ஒன்றுக்கு 120 கோடி டாலர். 21ஆல் பெருக்கினால் 2,500 கோடிக்குச் சற்று மேலே வரும். அதே தொகையை 132ஆல் வகுத்துப் பாருங்கள்: 19 கோடிதான். விமானம் மாறவில்லை, வகுக்கும் எண் மாறிவிட்டது.

தங்கம் என்றீர்களே. பி-2இன் வெற்று எடை சுமார் 71.7 டன். 1997இல் தங்கம் அவுன்ஸ் 330 டாலர் அளவில் விற்றது. அத்தனை டன் தங்கம் சுமார் 76 கோடி டாலர். ஆக, 73.7 கோடி என்ற கணக்கில் பார்த்தால் எடைக்கு எடை தங்கம்தான்! (இன்றைய தங்க விலையைப் போட்டுப் பார்க்காதீர்கள், விமானம்தான் மலிவு என்று வரும்.)

சீவல்காரன்

தம்பி, ரெண்டாவது கேள்விக்கு நான் வரேன். இருபத்தாறு வருஷம் விமான பாகம் கடையற பட்டறையில இருந்தேன். அதுல பதினெட்டு வருஷம் டைட்டானியம். என்ன விமானம், யாருக்குன்னு சொல்ல மாட்டேன், கேக்காதீங்க.

உலோகத்துக்குப் பணம் போகுதான்னா, போகுது. ஆனா நீங்க நினைக்கற மாதிரி இல்ல. இறக்கையைத் தாங்கற சட்டம் மாதிரி ஒரு பாகத்துக்கு டைட்டானியம் கட்டி வரும். நாங்க வேலையை முடிக்கும்போது அதுல பத்துல ஒரு பங்கு நின்னா நல்ல வேலை. மீதி ஒன்பது பங்கு சீவலா ட்ரம்முக்குப் போயிடும். பத்து கிலோ வாங்கினா ஒரு கிலோதான் பறக்கும். என் பேரு சீவல்காரன்னு இருக்கறது அதனாலதான். பதினெட்டு வருஷம் நான் உண்மையில தயாரிச்சது சீவல். பாகம் நடுவுல மிஞ்சினது.

ஏன் போல்ட் போட்டு நாலு துண்டா சேக்கக் கூடாதுன்னு கேப்பீங்க. சேக்கலாம். ஒவ்வொரு இணைப்பும் எடை, ஒவ்வொரு ஓட்டையும் விரிசல் ஆரம்பிக்கற இடம். அதனால ஒரே கட்டியில குடைஞ்சு எடுக்கறது. அந்தக் கட்டியை அடிச்சு உருவம் கொடுக்கறதுக்கே மலை மாதிரி பிரஸ் வேணும். அமெரிக்காவுல கிளீவ்லேண்ட்ல 50,000 டன் அழுத்தம் கொடுக்கற பிரஸ் ஒண்ணு இருக்கு, 1955லேர்ந்து ஓடுது. எஃப்-35க்கு உள்சட்டம் அடிக்கறதும் அதுலதான். நடுவுல அதோட உடம்புலயே விரிசல் கண்டு, பல கோடி செலவு பண்ணி மராமத்துப் பாத்துத் திரும்ப ஓட்டினாங்க. அந்த மாதிரி மிஷின் உலகத்துல விரல் விட்டு எண்ணிடலாம்.

டைட்டானியம் வெட்டறது தனி வித்தை. அலுமினியம்னா வெண்ணெய், சூடு சீவலோட போயிடும். டைட்டானியம் சூட்டைக் கடத்தாது. அத்தனை சூடும் வெட்டற முனையிலயே நிக்கும். வேகமா ஓட்டினா அந்த முனை (இன்ஸர்ட்னு சொல்வோம்) கருகும், மெதுவா ஓட்டினா மேல்தோல் இறுகிப் போகும், அடுத்த வெட்டு இறங்காது. கூலன்ட் கொஞ்சம் குறைஞ்சா சீவல் தீப்பிடிக்கும், தண்ணி ஊத்தி அணைக்கக் கூடாது. ஒரு பாகம் மிஷின் மேல மூணு வாரம் கிடக்கும். ராத்திரி ஷிஃப்ட்ல அந்தச் சத்தம் மாறினாத் தூக்கத்துலயே முழிப்பு வரும் எனக்கு. ரிட்டயர் ஆகியும் அந்தப் பழக்கம் போகல, வீட்டுல மிக்ஸி சத்தம் மாறினாலும் எழுந்து பாக்கறேன்.

ஆனா இதெல்லாம்கூட பாதிதான். மீதி காகிதம்.

ஒரு நாள் கதை சொல்றேன். உள்ளங்கை அகலம் ஒரு பிராக்கெட். அளவு சுத்தம், அல்ட்ராசவுண்ட்ல ஒரு குறையும் இல்ல. ஆனா அந்தக் கட்டி எந்தத் தடவை உருக்கி வார்த்ததுல வந்ததுங்கற ஹீட் நம்பர் எழுதின அட்டை, ஒரு மிஷின்லேர்ந்து அடுத்த மிஷினுக்குப் போற வழியில தொலைஞ்சுடுச்சு. பக்கத்துல அதே மாதிரி ஏழு பிராக்கெட், ஏழுக்கும் அட்டை இருக்கு. எட்டாவது எதுலேர்ந்து வந்ததுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும், அன்னிக்குக் காலையில நான்தான் ஏத்தினேன். ஒத்துக்கல. சிவப்புப் பெயின்ட் அடிச்சு, என் கண் முன்னாடியே ரம்பத்துல ரெண்டா அறுத்தாங்க, யாரும் பின்னாடி எடுத்து மாட்டிடக் கூடாதுன்னு. அன்னிக்குக் கோவம் வந்துச்சு. பின்னாடி யோசிச்சுப் பாத்தா, மேல போய் உடைஞ்சா எந்த உருக்கு, கூட வந்த கட்டி எல்லாம் எந்தெந்த விமானத்துல இருக்குன்னு தேட வேற வழி கிடையாது. ஆனா அந்த எட்டாவது பிராக்கெட்டோட விலையை யார் கொடுத்தாங்க? மத்த ஏழும்தான் கொடுத்துச்சு.

எஞ்சின் பிளேடு பத்தி நான் பேசக் கூடாது, என் வேலை இல்ல. ஒண்ணு மட்டும். அந்த பிளேடைச் சுத்தி ஓடற காத்தோட சூடு, பிளேடு உருகற சூட்டை விட ஜாஸ்தி. உள்ள நுணுக்கமா வழி விட்டு, குளிர்ந்த காத்தை ஓட்டி உருகாம வெச்சிருக்காங்க. அதுவும் ஒவ்வொரு பிளேடும் ஒரே படிகமா வளர்க்கணும். அதை உருப்படியாச் செய்யறவங்க உலகத்துல மிகச் சிலர்.

கணக்கில்_புலி_அல்ல

அருமை ஐயா. ஆனால் ஒரு சந்தேகம். இதே சிரமம் எல்லா விமானத்துக்கும் இருக்கும்போது, அதிகம் கட்டினால் மலிவாகும் என்று மேலே சொன்னவர் சொல்வது உங்கள் பட்டறைக்குப் பொருந்துமா? பத்துக் கட்டினாலும் நூறு கட்டினாலும் மூன்று வாரம் மூன்று வாரம்தானே?

சீவல்காரன்

அங்கதான் விஷயம் இருக்கு தம்பி. மூணு வாரம்னு சொன்னது இருபதாவது பாகத்துக்கு. முதல் பாகத்துக்கு நாலரை மாசம்.

முதல்ல ஃபிக்ஸ்ச்சர் செய்யணும், அதாவது பாகத்தை ஆடாம பிடிச்சுக்கற சட்டம். அதுவே ஒரு தனி வேலை. அப்புறம் புரோகிராம். அப்புறம் முதல் பீஸை வெட்டி, ஒவ்வொரு அளவையும் எடுத்து, கட்டுக் கட்டா எழுதி அனுப்பி, அவங்க ஒத்துக்கிட்டு வர வரைக்கும் மிஷின் சும்மா நிக்கும். இந்தச் செலவு எட்டு பீஸுக்கும் அதேதான், எண்ணூறு பீஸுக்கும் அதேதான்.

இதை 1936லயே டி.பி. ரைட்னு ஒரு அமெரிக்க எஞ்சினியர் கணக்காவே எழுதி வெச்சுட்டார். கட்டற எண்ணிக்கை ரெட்டிப்பானா, விமானம் ஒண்ணுக்கு ஆகற உழைப்பு நேரம் சராசரியா முன்ன இருந்ததுல 80 சதவீதமாக் குறையும். நூறு மணி நேரம், ரெண்டானா எண்பது, நாலானா அறுபத்து நாலு, எட்டானா அம்பத்தொண்ணு, இப்படியே. பதினாறுக்கு நாப்பத்தொண்ணு வரும். 21 விமானத்தோட நிறுத்தினா என்ன ஆகும்? கை பழகற நேரத்துல கடையை மூடறதுதான். பி-51 பதினஞ்சாயிரத்துக்கு மேல கட்டினாங்க. மிக்-21 பத்தாயிரத்துக்கு மேல. அந்த ஆளுங்க கண்ணை மூடிக்கிட்டு ரிவெட் அடிச்சிருப்பாங்க.

எங்களுக்கு ஒரு தடவை எட்டு பீஸ் ஆர்டர் வந்துச்சு. முடிச்சுக் கொடுத்தோம். ரெண்டரை வருஷம் கழிச்சு இன்னும் ஆறு வேணும்னாங்க. அதுக்குள்ள அந்த வேலையைக் கரைச்சுக் குடிச்ச மனுஷன் ரிட்டயர் ஆயிட்டார். ஃபிக்ஸ்ச்சர் ஒரு மூலையில துருப்பிடிச்சுக் கிடக்கு. மிஷினை ஓட்டற கன்ட்ரோலரையும் மாத்திட்டோம், பழைய புரோகிராம் ஓடல. அவர் வீட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வந்தோம். எந்த இடத்துல எத்தனை மி.மீ. விட்டு வெட்டணும்னு அவர் ஒரு சின்ன நோட்டுல பென்சில்ல குறிச்சு வெச்சிருந்தார். அந்த நோட்டு இல்லைன்னா ஆறு பீஸும் ஸ்கிராப். அந்த ஆறு, முன்ன செஞ்ச எட்டை விட விலை அதிகம்.

எஃப்-22க்கு நடந்தது இதோட பெரிய வடிவம். 750 கட்டறதா ஆரம்பிச்சு, படைக்குப் போனது 187. தயாரிப்பை நிறுத்தும்போது கருவியையெல்லாம் பத்திரமா எடுத்து வெச்சாங்க. அப்படியும் 2017ல, திரும்ப ஆரம்பிச்சு 194 கட்ட என்ன ஆகும்னு விமானப்படை கணக்குப் போட்டப்போ 5,000 கோடி டாலர்னு வந்துச்சு. அத்தோட அந்தப் பேச்சை விட்டுட்டாங்க. கருவியை டப்பாவுல போட்டு வெக்கலாம். ஆளை எங்க வெப்பீங்க?

ஐந்து_கடை

சீவல்காரர் நேர்மையாக உழைத்தவர், மறுக்கவில்லை. ஆனால் பட்டறையில் நின்று பார்த்தால் வியர்வைதான் தெரியும், பில் போடும் மேசை தெரியாது.

1990களில் அமெரிக்காவில் பெரிய அளவில் விமானமும் ஆயுதமும் நேரடியாக விற்ற நிறுவனங்கள் 51. இன்று 5. இது அவர்களுடைய பாதுகாப்புத் துறையே 2022இல் அறிக்கையில் எழுதியது. 1993இல் அந்தத் துறையே கம்பெனித் தலைவர்களை இரவு விருந்துக்குக் கூப்பிட்டு, இனி எல்லோருக்கும் வேலை இருக்காது, இணைந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பியது. "கடைசி விருந்து" என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். ஐந்து கடை மட்டும் இருக்கும் தெருவில் பேரம் எப்படி நடக்கும்?

உதிரி பாகம் இன்னும் மோசம். 2019இல் பாதுகாப்புத் துறையின் தணிக்கையாளர் ஒரு நிறுவனத்தின் 47 பாகங்களை எடுத்துப் பார்த்தார். 46இல் அளவுக்கு மீறிய லாபம். அரை அங்குலம் இருக்கும் ஒரு பின், 46 டாலர் பெறுமானம். விற்றது 4,361 டாலருக்கு. இதில் எந்த டைட்டானியம், எந்தக் கைப்பழக்கம்? பிறகு 1.61 கோடி டாலரைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

சீவல்காரன்

அந்த பின் விஷயத்துக்கு நான் முட்டுக் கொடுக்க மாட்டேன். அது கொள்ளை. நாங்க செஞ்ச பாகத்தோட கடைசி விலை ஒரு தடவை எதேச்சையா கண்ணுல பட்டுச்சு. எங்க பட்டறைக்கு வந்த தொகையோட ஆறு மடங்கு. நடுவுல எத்தனை கை மாறிச்சோ.

ஆனா எல்லாத்தையும் ஒரே கூடையில போடாதீங்க. 1980கள்ல 435 டாலர் சுத்தியல்னு ஊரே சிரிச்சுது, இப்பவும் சிரிக்கறாங்க. சுத்தியல் பத்துப் பதினஞ்சு டாலர்தான். அந்த ஒப்பந்தத்துல இருந்த பொதுச் செலவை ஒவ்வொரு பொருள் மேலயும் சரிசமமா வெச்சுட்டாங்க, எஞ்சினுக்கும் நானூத்திச் சொச்சம், சுத்தியலுக்கும் நானூத்திச் சொச்சம். எஞ்சின் அத்தனை மலிவா கிடைச்சுதேன்னு யாரும் எழுதல.

ஐந்து_கடை

சுத்தியலை விட்டுவிடுகிறேன். பின்னை விட மாட்டேன்.

வால்_இறக்கை

ஒருவரும் இன்னும் தொடாத இடம் ஒன்று இருக்கிறது. இத்தனை நேரம் வாங்கும் விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

எஃப்-35ஏ (விமானப்படைக்கான வகை) ஒன்றின் விலை 2019 ஒப்பந்தத்தில் 7.79 கோடி டாலர் வரை இறங்கியது, எஞ்சினும் சேர்த்து. மலிவு என்று விளம்பரமே செய்தார்கள். அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2024இல் போட்ட கணக்கு வேறு. 2088 வரை அந்த விமானங்களைப் பறக்கவைத்துப் பராமரிக்க மட்டும் 1.58 லட்சம் கோடி டாலர். 2018இல் இதே கணக்கு 1.1 லட்சம் கோடியாக இருந்தது. அவர்கள் வாங்கப்போவது சுமார் 2,470. வகுத்தால் விமானம் ஒன்றுக்கு 64 கோடி. எட்டுக் கோடிக்கு வாங்கி அறுபத்து நான்கு கோடிக்கு வளர்ப்பது. அந்த 2 லட்சம் கோடி எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களே, வாங்குவதையும் இதையும் கூட்டினால் அங்கேதான் போய் நிற்கும்.

இதில் பாதித் தலைவலி, ஒரே விமானம் மூன்று படைக்கும் போதும் என்று ஆரம்பித்ததால் வந்தது. விமானப்படைக்கு ஒன்று, செங்குத்தாக இறங்க ஒன்று, கப்பல் தளத்துக்கு ஒன்று. மூன்றுக்கும் பெரும்பாலான பாகங்கள் பொதுவாக இருக்கும் என்பது கனவு. செங்குத்தாக இறங்குவதற்கு எடை கூடிப்போய் 2004இல் வடிவமைப்பையே திரும்பத் திறக்க வேண்டியதாயிற்று. கடைசியில் பொதுவான பாகம் நாலில் ஒன்றுகூடத் தேறவில்லை. போதாததற்கு, சோதனை முடியும் முன்பே தயாரிப்பைத் தொடங்கிவிட்டார்கள். சோதனையில் குறை தெரியத் தெரிய, ஏற்கெனவே கட்டியதைப் பிரித்து மாற்ற வேண்டும்.

பராமரிப்பு என்றால் என்ன என்பதற்கு பி-2 விமானமே சாட்சி. 2008 பிப்ரவரியில் குவாம் தீவில் ஒன்று ஓடுபாதையிலேயே விழுந்தது. காற்றழுத்தம் அளக்கும் சென்சார்களில் ஈரம். அதோடு கணக்குப் பார்த்த கணினி தவறான வேகத்தைக் காட்டி, மேலெழும்போது மூக்கைத் தூக்கிவிட்டது. இரண்டு விமானிகளும் குதித்துத் தப்பினார்கள். போனது 140 கோடி டாலர். ஈரத்துக்கு அவ்வளவு விலை.

வாங்கும் நாடுகளும் இதே கேள்வியில்தான் நிற்கின்றன. சுவிட்சர்லாந்தில் 2020இல் மக்களிடமே வாக்கெடுத்தார்கள். புதிய போர் விமானங்களுக்கு 600 கோடி பிராங்க் வரை செலவிடலாமா என்பது கேள்வி. ஆம் என்றது 50.1 சதவீதம்! பிறகு 36 எஃப்-35ஏ என்று முடிவானது. விலை மாறாது என்று அரசு மக்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது. 2025இல் அமெரிக்கா, அது தவறான புரிதல் என்றது. மேலே 65 கோடியிலிருந்து 130 கோடி பிராங்க் வரை ஆகலாம் என்று வந்தது. நீங்கள் மூன்று நாளாகத் தேடியும் கிடைக்காத விலை, ஒரு நாட்டின் அரசாங்கத்துக்கும் கிடைக்கவில்லை.

கணக்கில்_புலி_அல்ல

எல்லாவற்றையும் அவளிடம் படித்துக் காட்டினேன். தங்கக் கணக்கு பிடித்துவிட்டது, அதை வைத்தே ஆரம்பிக்கிறாளாம். சிவப்புப் பெயின்ட் அடித்து அறுத்த பிராக்கெட்டைப் பற்றி நான்கு தடவை கேட்டாள். "அந்தத் தாத்தா அழுதாரா மாமா?" என்று கேட்கச் சொன்னாள். இன்னொன்று, ஐந்து நிமிடத்தில் ஒரு எண்தான் சொல்ல முடியும், எதைச் சொல்லட்டும் என்கிறாள்.

சீவல்காரன்

அழல. வீட்டுக்குப் போய் சாப்பிடல, அவ்வளவுதான்.

மூணு எண்ணையும் எழுதச் சொல்லுங்க, நேரம் போதலைன்னா என் கதையை வெட்டட்டும். 73.7, 92.9, 213. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல எதெல்லாம் சேர்ந்ததுன்னு ஒரு வரி. கீழ 1997 டாலர்னு போடணும், மறந்துடக் கூடாது. வருஷம் போடாத விலை, ஹீட் நம்பர் இல்லாத பிராக்கெட் மாதிரி.